ஓலாவின் பண்ணையும் ஆலங்குளத்து ஆச்சியும்

ராசா,

நீ சியாட்டிலில் பெட்டி கட்டிக்கொண்டிருப்பாய். இங்கே ராஜபாளையத்தில் உன் அம்மாவுக்குக் கையும் காலும் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஃபோனிலேயே சொல்லிவிடலாம்தான். ஆனால் நான் வாயைத் திறந்தால் நீ "மீட்டிங் இருக்கும்மா, சுருக்கமா சொல்லு" என்பாய். இது சுருக்கமாகச் சொல்லுகிற சமாச்சாரம் இல்லை. அதனால் நம் கட்டுத்துணிக் கம்பெனியில், ஆஸ்பத்திரிக்குப் போகிற பேண்டேஜ் ஓடுகிற பகல் ஷிப்ட் ஓடிக்கொண்டிருக்க, நான் அலுவலக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எழுதி முடித்ததும் உன் அப்பாவிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புவேன். நம் குடும்ப வாட்ஸப் குழுவிலும் போடப்போகிறேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் நன்றாகப் படிக்கட்டும்.

எல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஐயர் வீட்டில் ஆரம்பித்தது. முகூர்த்தத்தை உறுதி செய்யப் போயிருந்தோம். பெண் மாலியாவுக்கு அப்பா பக்கம் நார்வே, அப்பா வழிப் பாட்டிகள் பக்கம் ஹவாய்த் தீவு என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு சுளிப்பு வருமோ என்று பார்த்தேன். வரவில்லை. "கோத்திரத்துக்கு நான் வழி பண்றேன்மா. கொள்ளுத்தாத்தா, தாத்தா, அப்பா, இந்த மூணு பேரு மட்டும் சரியா அனுப்பிடுங்கோ. தாரை வாக்கறச்சே மூணு தடவை சொல்லணும். தப்பா சொன்னா நன்னாருக்காது" என்றார். உனக்குத் தெரியும், நம் வீட்டுக் கல்யாணங்களில் அந்த நேரத்தில்தான் மண்டபமே அமைதியாகும். இன்னாருடைய கொள்ளுப்பேத்தியை, இன்னாருடைய பேத்தியை, இன்னாருடைய மகளை என்று சொல்லி, பெண்ணின் தகப்பன் கையால் நீர் வார்த்துக் கொடுக்க வேண்டும். மாலியாவின் அப்பா வந்து உட்கார்ந்து, தன் முன்னோர் பெயரை நம் ஐயர் வாயால் கேட்டு, மகள் கையை உன் கையில் வைக்க வேண்டும். அதை நினைத்து நினைத்தே எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

உன் மாமனார் கெயோனியை நான் இப்போது சம்பந்தி என்றே கூப்பிடுகிறேன். அவரும் "சம்மந்தி" என்று திருப்பிக் கூப்பிடப் பழகிவிட்டார். ஹீலோ ஊரில் படகு எஞ்சின் பழுது பார்க்கிறவர் என்பதால், நம் தறி மோட்டார் சத்தத்தைக் கேட்டே அதில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுகிறார். எனக்குக் காலை ஏழு மணி என்றால் அவருக்கு முந்தின நாள் பிற்பகல். நேற்றில் இருக்கிற மனிதரோடு தினமும் காப்பி குடித்தபடி பேசுவது எனக்கு ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. மூன்று பெயரையும் நான் கேட்டவுடனே அவர் சொல்லிவிட்டார். கொள்ளுத்தாத்தா ஓலாவ், தாத்தா ஹென்றி, அப்பா கெயோனி. ஓலாவ் சரக்குக் கப்பலில் தச்சராக வந்தவராம். ஹீலோவில் இறங்கியவர் திரும்ப ஏறவே இல்லையாம், மெலே என்ற ஹவாய்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டாராம். எனக்குப் போதும்தான். ஆனால் நான் சும்மா இருப்பேனா? "அவருக்குப் பூர்வீகம் எது?" என்று கேட்டேன். அவர் முகம் சற்று வாடியது. நார்வே என்பது தெரியும், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளாமலே ஹென்றி போய்ச் சேர்ந்துவிட்டார் என்றார்.

பிறகு உன் அம்மாவை யார் பிடித்து நிறுத்த முடியும்? நார்வேயில் பழைய தேவாலயப் பதிவுகளையெல்லாம் படம் பிடித்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். அதைப் படித்துச் சொல்வதற்கென்றே ஆர்வக்காரர்கள் கூட்டம் ஒன்றும் இருக்கிறது. நான் வெளிநாட்டு வியாபாரிகளுக்கு எழுதுகிற இங்கிலீஷில் அங்கே ஒரு கேள்வியைப் போட்டேன். ஓர் அம்மாள் பதில் எழுதினார். ஓலாவ் ஹவாயில் தன் குடும்பப் பெயராகச் சொன்னது உண்மையில் ஒரு பண்ணையின் பெயர், அந்தக் காலத்தில் எந்தப் பண்ணையில் குடியிருக்கிறார்களோ அந்தப் பெயரை ஒட்டிக்கொள்வார்கள், வேறு பண்ணைக்குப் போனால் பெயரும் மாறிவிடும் என்றார். இனி எதை வைத்துத் தேடுவது என்று கெயோனி தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் குழப்பமாக இல்லை. ஆலங்குளத்திலிருந்து இங்கே வந்தவரை இங்கே ஆலங்குளத்தார் என்கிறோம், அவரே மதுரைக்குப் போனால் ராஜபாளையத்தார். நான் வேறு பக்கமாகப் போனேன். "ஓலாவுக்கு மூத்த பையன் ஹென்றியா?" என்று சம்பந்தியிடம் கேட்டேன். இல்லை, ஹென்றிக்கு ஓர் அண்ணன் இருந்தார், லார்ஸ் என்று, சின்ன வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டார் என்றார். நான் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்காமல் யாராவது இருப்பார்களா? அப்படியானால் ஓலாவின் அப்பா லார்ஸ்! அந்த நார்வே அம்மாளிடம் சொன்னேன். அவரும், எங்கள் ஊர் வழக்கமும் அதுதான் என்று எழுதிவிட்டு, லார்ஸ் மகன் ஓலாவ் என்று அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் தேடினார். இரண்டாம் நாள் கிடைத்துவிட்டதடா! அதே பள்ளத்தாக்கு, ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பண்ணை. வீட்டின் படத்தையும் அனுப்பினார். சாம்பல் நிற மரவீடு, பின்னால் ஒரு மலை. நான் துணி வெளுக்கிற வெள்ளாவி அறைக்கு ஓடிப்போய் வேலை செய்கிற பெண்களிடமெல்லாம் காட்டினேன். "யாரு வீடுக்கா?" என்றார்கள். "எங்க சம்மந்தியோட தாத்தா வீடு" என்றேன். ஒருத்தி, "வெள்ளைக்காரரா? அம்புட்டுத் தூரத்துலயிருந்தா நமக்குச் சம்மந்தம்?" என்று வாயில் கை வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை படத்தைப் பார்த்துச் சம்பந்தி கத்திய கத்தில் அவர் வீட்டுச் சேவல் படபடவென்று பறந்தோடியது. அழுகிறார், சிரிக்கிறார், படத்தைப் பெரிதாக்கிச் சன்னலை எண்ணுகிறார். அந்த வேகத்தில்தான் சொன்னார், ஹென்றி மட்டும் இருந்திருந்தால் துள்ளிக் குதித்திருப்பார், பிறந்த சில நாளிலேயே என்னைத் தூக்கிக்கொண்டு வந்து வளர்த்தவர் அவர்தான் என்று. நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். தூக்கிக்கொண்டு வந்தாரா? ஆமாம், நான் அவருக்கு ஹானாய்ப் பிள்ளை என்றார், சாதாரணமாக. அவர்கள் ஊரில் சொந்தத்துக்குள்ளேயே ஒருவர் பெற்ற பிள்ளையை இன்னொருவர் எடுத்துத் தன் பிள்ளையாக வளர்ப்பதற்கு அந்தப் பெயராம். நான் சிரித்த முகம் மாறாமல் தலையை ஆட்டினேன். உள்ளே எனக்கு எல்லாம் இடிந்து விழுந்தது. இத்தனை பாடுபட்டு நான் கண்டுபிடித்த ஓலாவ் இவருக்கு ரத்த சொந்தமே இல்லையா? அப்படியானால் ஐயரிடம் நான் கொடுத்த பெயர்கள் தப்பா? தாரை வார்க்கும்போது தப்பான பெயரைச் சொன்னால் என் பிள்ளை வாழ்க்கை என்ன ஆகும்? இதுதான் அன்றைக்கு என் மண்டைக்குள் ஓடியது. அப்படியே எழுதுகிறேன், நீ சிரித்தாலும் சரி.

இதிலிருந்து நீ ஒன்றைக் கற்றுக்கொள். ஒருவரைப் பற்றி ஏதாவது தெரியவேண்டும் என்றால் அவரிடமே கேள். நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் மனசு புண்படும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பாவம், தன்னைப் பெற்றவர் யாரென்றே தெரியாமல் வளர்ந்திருக்கிறார் என்று நானே ஒரு கதை கட்டி, நானே அழுதும் தீர்த்தேன். அப்புறம் செய்ததுதான் பெரிய வேலை. எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பினால் ரத்த சொந்தம் யார் யார் என்று கண்டுபிடித்துச் சொல்கிறார்களே, அந்தப் பெட்டி ஒன்றை அவர் வீட்டுக்குப் போய்ச் சேரும்படி ஆர்டர் செய்தேன். கல்யாணப் பரிசு என்று ஒரு வாழ்த்துச் சீட்டு வேறு. 'உங்கள் உண்மையான குடும்பத்தைக் கண்டுபிடிக்க' என்று அதில் எழுதச் சொன்னேன். உன்னிடமோ மாலியாவிடமோ மூச்சு விடவில்லை. எவ்வளவு நல்ல காரியம் செய்கிறோம் என்று பூரித்துப்போய் இருந்தேன்.

பெட்டி போய்ச் சேர்ந்த நாளிலிருந்து காலை ஏழு மணிக்கு ஃபோன் வரவில்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. பிறகு மாலியாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அந்தப் பெண் கோபத்தைக்கூட எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறது! அத்தை, அப்பா கல்யாணத்துக்கு வருவார், ஆனால் மேடையில் உட்காரமாட்டார், கூட்டத்தோடு நாற்காலியில் இருந்துகொள்வார். தன்னை வளர்த்தவர் உங்கள் அக்கினி முன்னால் தகப்பன் இல்லையென்றால், அங்கே தனக்கும் தகப்பன் என்று உட்காரத் தகுதி இல்லை என்கிறார். என்னை யார் கைப்பிடித்துக் கொடுப்பது என்று நீங்களே சொல்லுங்கள். உன்னிடம் அவள் இதைச் சொல்லாமல் வைத்திருந்தாள் பார், அதற்காகவே அவளை நீ தலையில் வைத்துத் தாங்கவேண்டும்.

பெயர்களுக்கு என்ன செய்வது என்று ஐயரிடமே கேட்டுவிடலாம் என்று உன் அப்பாவின் ஸ்கூட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினேன். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. செங்கோட்டை ரயில் வரவேண்டும். முன்னும் பின்னும் டவுன் பஸ், லோடு ஆட்டோ, வெயில். பின்னால் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் உன் அப்பாவிடம் கொட்டினேன். அவர் உன்னைப் போலத்தான், பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தை பேசுவார். வண்டியை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"ஏட்டி, நம்ம கல்யாணத்துல ஐயரு யாரு பேரச் சொன்னாரு?"

"யாரு பேர? மாமா பேரத்தான்."

"எந்த மாமா?"

"தளவாய்புரத்து மாமாவத்தான்..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்திவிட்டேன். ரயில் வந்தது, போனது, கேட் திறந்தது, பின்னால் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். நான் அவர் முதுகைப் பார்த்தபடி, வண்டியை வீட்டுக்கே திருப்பச் சொன்னேன்.

உனக்கும் இது அரைகுறையாகத் தெரிந்திருக்கும். உன் அப்பாவைப் பெற்றவர்கள் ஆலங்குளத்தில் இருந்தவர்கள். தாத்தாவின் அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. தளவாய்புரத்தில் தறியும் வீடும் வாசலுமாக இருந்தும் கொஞ்ச ஒரு பிள்ளை இல்லை. பால்குடி மறந்த வயதில் உன் அப்பாவைச் சுவீகாரம் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து பெரியப்பா அப்பா ஆனார், பெரியம்மா அம்மா ஆனார். பெற்றவள் சித்தி ஆனாள். நீ ஆலங்குளத்து ஆச்சி என்று கூப்பிடுகிறாயே, அவர்தான். தளவாய்புரத்து அத்தை, அதாவது என் மாமியார், உன் அப்பாவைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தவர், அதில் ஒரு குறையும் சொல்லமுடியாது. ஆனால் அந்த வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது. எடுக்காமல் எடுக்காமல் எனக்கே மறந்துபோனது. நீ சின்னவனாக இருந்தபோது ஒரு பொங்கலுக்கு எல்லோரும் கூடியிருக்கையில், "அப்பா மூக்கு அச்சு அசல் ஆலங்குளத்து ஆச்சி மூக்கு" என்று சத்தமாகச் சொன்னாய். நான் அவசரமாக உன் வாயில் ஒரு கரும்புத் துண்டைத் திணித்தேன். ஹானாய் என்றதும் இடிந்து உட்கார்ந்த நான், சுவீகாரம் போன மனிதரோடுதான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்துகிறேன்!

மறுநாள் காலை ஏழு மணிக்கு மாலியா சொல்லிச் சம்பந்தி ஃபோனை எடுத்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் என் வாய் போதாது என்று உன் அப்பாவை இழுத்து உட்காரவைத்தேன். ஃபோனில் 'சரி', 'வச்சிரட்டா' தவிர வேறு பேசி அறியாத மனிதர், தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், நானும் உங்களைப் போலத்தான், நானும் ஹானாய் என்றார். திரையில் சம்பந்தி கண்ணாடியைக் கழற்றிவிட்டு முன்னால் நகர்ந்து வந்தார். அதன் பிறகு நான் அங்கே ஓர் ஆளே இல்லை. இரண்டு ஆண்களும் முக்கால் மணி நேரம் பேசினார்கள். கெயோனிக்குத் தன்னைப் பெற்றவர்கள் யாரென்று நன்றாகவே தெரியுமாம். வளர்த்த அம்மா லோகெயின் தங்கை அனாதான் பெற்றவள். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு அங்கே. இருவரையும் அம்மா என்றே கூப்பிட்டு வளர்ந்திருக்கிறார். வம்சம் சொல்லும்போது அவர்கள் தகப்பனோடு தாயையும் சேர்த்துச் சொல்வார்களாம், வளர்த்தவர், பெற்றவர் என்று யாரையும் விடாமல் சொல்வார்களாம். உங்கள் பெட்டியை ரொம்ப நாள் மேசையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன் சம்மந்தி, எதை ஒளித்துவைத்தேன் என்று இதை அனுப்பினீர்கள் என்றுதான் புரியவில்லை என்றார். நானே உட்காருகிறேன், ஓலாவ் பெயரையும் ஹென்றி பெயரையும் உரக்கச் சொல்லச் சொல்லுங்கள் என்றார். நான் எழுந்து ஆடாத குறைதான். ஃபோனை வைக்கும் முன்னால் உன் அப்பாவிடம் ஒன்று கேட்டார். உங்களைப் பெற்ற அம்மா இருக்கிறாரா? அவர் பெயரும் வரும் அல்லவா?

உன் அப்பா எழுந்து கம்பெனிக்குப் போய்விட்டார். அன்று முழுக்கக் கம்பெனியில் பண்டில் கட்டுகிற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். சாயங்காலம் என்னிடம் வந்து, "எங்க சித்தி பேரையும் சொல்லலாமான்னு ஐயர்ட்ட செத்த கேட்டுப் பாக்கியா?" என்றார். இந்த வயதில், நரைத்த தலையோடு, அதைக் கேட்கிற அந்த முகத்தை நான் எப்படி உனக்கு எழுதிக் காட்டுவேன். அங்கேயே நின்று ஐயரை ஃபோனில் கூப்பிட்டேன். "சுவீகாரம் போனவா வளத்த வம்சத்தைத்தான் சொல்லணும், அதுல சந்தேகமே இல்லை. இவா பக்கமும் அப்படித்தான், அவா பக்கமும் அப்படித்தான். அதோட தாயார் பேரையும், பெத்தவா பேரையும் சேத்துச் சொன்னா எந்தத் தெய்வம்மா கோச்சுக்கப் போறது? அனுப்புங்கோ" என்றார். ஓலாவோடு மெலே, ஹென்றியோடு லோகெ, சம்பந்தியைப் பெற்ற அனா. நம் பக்கத்தில் தளவாய்புரத்துத் தாத்தாவும் அத்தையும், கூடவே ஆலங்குளத்து இரண்டு பேரும். உன் மாமியார் பெயரும் என் பெயரும்கூட உண்டு. என் கல்யாணத்தில் என் அம்மா பெயரை யாரும் சொல்லவில்லை.

நேற்று ஆலங்குளத்துக்குப் பத்திரிகை கொடுக்கப் போனோம். சின்னத்தைக்கு, அதுதான் உன் ஆலங்குளத்து ஆச்சிக்கு, இப்போது காது கொஞ்சம் மந்தம், மற்றபடி கெட்டியாக இருக்கிறார். "வாய்யா, வா தாயி" என்று பாயை விரித்தார். உன் அப்பா தாம்பாளத்தோடு நின்றார். இத்தனை வருஷமும் அவரைச் சித்தி என்று மட்டுமே கூப்பிட்ட மனிதர், தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு, அவர் காலில் விழுந்து, காதுக்குப் பக்கத்தில் போய்க் கொஞ்சம் உரக்கச் சொன்னார். "எம்மா, பேரன் கல்யாணத்துக்கு நீங்க முன்னாடி வந்து உக்காரணும்."

சின்னத்தை பதறிப்போய் உன் அப்பாவின் வாயைப் பொத்தினார். வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். "சத்தமாச் சொல்லாதய்யா. மதினி காதுல விழுந்துறப் போவுது" என்றார். தளவாய்புரத்து அத்தை இறந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது என்பது அந்த நேரத்தில் அவருக்கு நினைவில்லை.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். "மைக் வச்சு மூணு தடவ சொல்லப் போறாங்க, அத்தை. ஊருக்கே கேக்கும்" என்றேன்.

ராசா, நீயும் மாலியாவும் மதுரையில் இறங்கியதும் நேரே வீட்டுக்கு வராதீர்கள். முதலில் ஆலங்குளத்துக்குப் போங்கள். ஆச்சி என்று கூப்பிடாதே. அப்பத்தா என்று கூப்பிடு, வாசலில் நின்றே, சத்தமாகக் கூப்பிடு.

உன் அம்மா